மார்டி என்று ஒரு வார்டு

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல பழக்கமா, கெட்ட பழக்கமா என்று இன்றுவரை தெரியவில்லை. மற்றவர்கள் படிக்காத பட்டியல்களை நான் படிப்பேன். ரயில்வே கைடு, பழைய டெலிபோன் டைரக்டரி, வாக்காளர் ஜாபிதா, தேர்தல் முடிவுகள் எல்லாவற்றையும் நாவல் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டிருப்பேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரே கதவிலக்கத்துக்கு நேரே எட்டுப் பெயர்கள் இருந்து, அடுத்த பட்டியலில் அவை இரண்டாகச் சுருங்கிவிட்டால், இடையில் என்ன நடந்தது என்று கேட்காமல் இருக்க முடிகிறதா? அங்கேதான் கதை இருக்கிறது.

இப்படித்தான் தெற்கு வேல்ஸில் ரொந்தா கனன் தாவ் என்ற கௌன்சிலின் தேர்தல் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2017 பட்டியலில் மார்டி என்று ஒரு வார்டு இருந்தது. 2022 பட்டியலில் அதைத் தேடினேன். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கடைசியில் வேறொரு வரிசையில் அகப்பட்டது: 'ஃபெர்ன்டேலும் மார்டியும்'. தனிக் குடித்தனம் நடத்திவந்த மனுஷர் ஒருநாள் அடுத்த வீட்டுப் பெயர்ப்பலகையில் இரண்டாவது வரியில் இடம் பிடித்தது போல இருந்தது எனக்கு.

ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு வார்டு போனால் உனக்கென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாலிபத்தில் நான் படித்த நாவல் ஒன்று 'கும்மார்டி'. 1937-ல் வெளிவந்தது. எழுதியவர் லூயிஸ் ஜோன்ஸ். அவரே சுரங்கத் தொழிலாளி, வேலையில்லாதோர் ஊர்வலங்களை நடத்திச் சென்றவர், ஜில்லா கௌன்சிலில் அங்கத்தினராக இருந்தவர். நாவலில் வரும் கும்மார்டி கற்பனை ஊர். அவர் பிறந்ததும் வேறு பள்ளத்தாக்கில்தான். ஆனாலும் அந்தப் பெயருக்குள் மார்டியின் ஓசை இருக்கிறது. நாவலில் வந்த ஊரைத் தேசப்படத்தில் தேடுகிற பைத்தியம் எனக்கும் உண்டு. தேடியபோது மார்டி கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு அபிமானம். அபிமானம் கொண்ட ஊரின் பெயரைப் பட்டியலில் காணவில்லை என்றால் மனசு சும்மா இருக்குமா? பிறகு கார்டிஃப் நகருக்குப் போகும் சந்தர்ப்பம் வாய்த்தபோது, ஒரு நாளை மார்டிக்கு என்று ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

கார்டிஃபில் ரயில் ஏறி, போர்த் என்ற ஊரில் இறங்க வேண்டும். அங்கே பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிகிறது: பெரிய ரொந்தா, சின்ன ரொந்தா. இங்கிலீஷ்காரர்கள் வாயில் அது ரோண்டா ஆகிவிடுகிறது. வேல்ஸ் பாஷைக்காரர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் நம்முடைய 'ந்த' ஓசை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. சின்ன ரொந்தாவில் இப்போது ரயில் கிடையாது. பிரயாணிகள் ரயில் 1964-லேயே நின்றுவிட்டது. பஸ்தான்.

பஸ் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு பக்கமும் மலை. நடுவில் கைவிரல் அகலத்துக்கு ஒரு ஆறு. மலைச்சரிவில், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற வரிசை வீடுகள், சிலேட்டுக் கூரைகள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒரு ஊர்; ஊருக்கு ஊர் ஒரு துக்கம். டைலர்ஸ்டவுன் என்கிறார் டிரைவர். 1896-ல் வெடித்தது, 57 பேர் என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஃபெர்ன்டேல் என்கிறார்; 1867-ல் 178 பேர், அதற்கு இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் 53 பேர். ஃபெர்ன்டேல் கொஞ்சம் பெரிய ஊர், கடைத்தெரு இருக்கிறது. அதைத் தாண்டிப் பள்ளத்தாக்கின் உச்சியில், இனி மலைதான் என்கிற இடத்தில், மார்டி.

மாயர்டி என்பது பழைய வேல்ஸ் சொல். மணியக்காரர் வீடு என்று பொருள் சொல்லலாம். முதலில் அங்கே இருந்தது அந்தப் பெயருள்ள ஒரு பண்ணை வீடும் ஆடுகளும்தான். 1851 ஜனத்தொகைக் கணக்குப்படி பெரிய ரொந்தாவைச் சேர்ந்த பிரதான திருச்சபை வட்டாரம் முழுவதிலும் 951 பேர் இருந்தார்கள். நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு அதைவிட அதிகம் பேர் வருவார்கள். அப்புறம் பூமிக்கு அடியில் நீராவிக் கப்பல்களுக்கு ஏற்ற உயர்ந்த ரகக் கரி இருப்பது தெரிந்தது. 1870-களின் நடுவில் மார்டியிலும் சுரங்கம் தோண்டினார்கள். பண்ணை வீட்டின் பெயர் சுரங்கத்துக்கு ஆயிற்று. சுரங்கத்தின் பெயர் ஊருக்கு ஆயிற்று. ஊரின் பெயர் பின்னால் வார்டுக்கு ஆயிற்று. 1921-ல் இரண்டு ரொந்தாக்களிலும் சேர்த்து 1,62,000-க்கு மேல் ஜனங்கள். எழுபது வருஷத்துக்குள் ஆட்டு மந்தை இருந்த இடத்தில் மனித மந்தை.

வார்டு என்பது ஓட்டுக் கணக்கு. ஆகையால் ஓட்டிலிருந்தே இந்தக் கதையை ஆரம்பிப்பது முறை.

1884-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஓட்டுரிமையை விரித்தது. குடும்பம் நடத்தும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஓட்டு வந்தது. 1885 கடைசியில் பொதுத் தேர்தல். புதிய ரொந்தாத் தொகுதியில் ஒரு பக்கம் சுரங்க முதலாளி வீட்டுப் பிள்ளை. இன்னொரு பக்கம் வில்லியம் ஆப்ரஹாம், 'மாபன்' என்ற பட்டப்பெயரால் எல்லோரும் அறிந்த தொழிலாளர் பிரதிநிதி. மாபன் ஜெயித்தார். கரி வெட்டுகிறவர்கள் தங்களவர் ஒருவரை லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வெற்றி வாடுவதற்குள், அதே வருஷம் டிசம்பர் 23-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மார்டிச் சுரங்கம் வெடித்தது. ஆண்களும் சிறுவர்களுமாக 81 பேர் மாண்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையனைப் பாதாளத்தில் இறக்க அன்றைய சட்டம் இடம் கொடுத்தது. ஓட்டுப் போடத்தான் அவன் சின்னவன். இரண்டு செய்திகளும் ஒரே சமயத்தில் ஒரே ஊருக்குள் வந்தன என்பதை நினைத்துப் பார்க்கிறேன். ஓட்டு வந்த வீட்டில் ஓட்டுக்காரன் வரவில்லை.

ஆனால் ஓட்டுப் போடுவது எப்படி என்று இந்த ஜனங்கள் கற்றுக்கொண்டது பார்லிமெண்டுத் தேர்தலில் அல்ல. தராசுக்குப் பக்கத்தில்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கரி வெட்டுகிறவனுக்குக் கூலி நாள் கணக்கில் அல்ல, எடைக் கணக்கில். அவன் பாதாளத்தில் வெட்டி வண்டியில் நிரப்பி, தன் அடையாளத்தைப் போட்டு மேலே அனுப்புவான். மேலே, அவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், முதலாளியின் ஆள் நிறுப்பான். அவன் சொன்னதுதான் எடை. போதாததற்குத் தெற்கு வேல்ஸில் ஒரு சல்லடை இயந்திரம் வைத்திருந்தார்கள். பொடிக்கரியைச் சலித்துத் தள்ளிவிட்டு, பெரிய கட்டிக்கு மட்டும் கூலி போடுவதற்கு அது உதவியது. சலித்து விழுந்த பொடியையும் முதலாளி விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம். வெட்டினவனுக்கு மட்டும் அது கணக்கில் வராது. அந்த இயந்திரத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? 'பில்லி ஃபேர்பிளே', அதாவது நியாயவான் பில்லி. அநியாயத்துக்கு நல்ல பெயர் வைக்கும் சாமர்த்தியம் எல்லாத் தேசத்திலும் உண்டு போலிருக்கிறது.

தொழிலாளிகள் போராடி ஒரு உரிமை பெற்றார்கள். தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். முதலாளியின் ஆள் எழுதுகிற எடையை அவர் சரிபார்ப்பார். அவருடைய சம்பளத்தைத் தொழிலாளிகளே காசு போட்டுக் கொடுப்பார்கள். ஆகவே முதலாளிக்குப் பயப்பட வேண்டியதில்லை. எடை பார்ப்பவர் என்று பெயர். யோசித்துப் பார்த்தால் கௌன்சிலர் என்பவரும் அதுதான். நம்மால் போய் நிற்க முடியாத இடத்தில் நமக்காக நின்று, எழுதுகிற கணக்கு சரியா என்று பார்க்கிற ஆள். மார்டிக்காரர்களுக்கு இது பாடப்புத்தகத்தில் படித்த பிரஜா உரிமை அல்ல. வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும் ரொட்டியின் அளவு.

அந்தத் தராசுக்கு 1919-ல் அவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆர்தர் ஹார்னர். மெர்த்தர் டிட்வில் ஊர்க்காரர், வயது இருபத்தைந்து. தேர்தல் நடந்தபோது அபேட்சகர் எங்கே இருந்தார் என்றால், ஜெயிலில் இருந்தார். பட்டாளத்தில் சேர மறுத்த குற்றம். முதலாளிக்குப் பயப்படாதவன் வேண்டும் என்று தேடியவர்கள், சர்க்காருக்கே பயப்படாதவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மார்டியின் பெயர் பத்திரிகைகளில் வேறு விதமாக அடிபட்டது. 'சின்ன மாஸ்கோ' என்றார்கள். வைதவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், வாழ்த்தியவர்களும் அப்படித்தான். 1926-ல் மாதக்கணக்கில் சுரங்கம் பூட்டிக் கிடந்தது. தொழிலாளிகள் தோற்றார்கள். அப்புறம் வேலை இல்லை. வேலை இல்லாத ஊரில் வேறு எதற்குப் பஞ்சம் இருந்தாலும் கூட்டம் போடுவதற்கு நேரம் நிறைய இருந்தது. 1929 பொதுத் தேர்தலில் கிழக்கு ரொந்தாத் தொகுதியில் ஹார்னர் கம்யூனிஸ்டாக நின்றார். மார்டித் தொழிற்சங்கக் கிளை லேபர் கட்சி அபேட்சகரை விட்டு அவரை ஆதரித்தது. இந்தக் கட்டுப்பாட்டு மீறலுக்காகத் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் 1930-ல் அந்தக் கிளையையே நீக்கிவிட்டது. பட்டியலிலிருந்து மார்டியின் பெயரை அடித்துவிட்டார்கள்.

இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

1931-ல் கடன் பாக்கிக்காக ஒரு வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய ஆட்கள் வந்தார்கள். ஜனங்கள் கூடித் தடுத்தார்கள். ஹார்னருக்குப் பதினைந்து மாதக் கடுங்காவல் கிடைத்தது. 1933-ல் இடைத்தேர்தல் வந்தது. மறுபடியும் நின்றார். 11,228 ஓட்டு வாங்கினார். ஜெயித்த லேபர் அபேட்சகர் மெயின்வேரிங் வாங்கியது 14,127. 1945-ல் இன்னும் நெருங்கிவிட்டது. கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் ஹாரி பாலிட்டே வந்து நின்றார். 972 ஓட்டில் தோற்றார். மார்டியைப் போல இன்னும் இரண்டு மூன்று ஊர்கள் அந்த வழியில் போயிருந்தால் பார்லிமெண்டில் ஒரு நாற்காலி நிறம் மாறியிருக்கும். ஜெயித்திருந்தால் நன்றாயிருக்குமா என்பது வேறு வழக்கு. மாஸ்கோவைப் பற்றி மார்டி அன்று நம்பியது எல்லாம் உண்மையாக இருக்கவில்லை என்பது பின்னால் உலகத்துக்கே தெரிந்தது. ஆனால் தராசைப் பற்றி அது நம்பியது எதுவும் பொய்யாகிவிடவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினேன். தூறல். நிழற்குடைக்குள் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் நகரவில்லை; பழைய குடி அல்லவா! ஊர் கையடக்கமாக இருந்தது. படிக்கட்டுப் படிக்கட்டாக வீடுகள், இரண்டொரு கடை. தொழிலாளர் மன்றம் இருந்த இடத்தைக் கேட்டேன். அந்தக் கட்டடத்தை இடித்தாகிவிட்டது. கூலியில் பிடித்தம் பிடித்தமாகக் காசு சேர்த்துத் தொழிலாளிகள் கட்டிக்கொண்ட இப்படிப்பட்ட மன்றங்கள் தெற்கு வேல்ஸ் முழுவதும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு லைப்ரரி இருந்தது. சுரங்கங்கள் மூடிக்கொண்டே வந்தபோது அந்தப் புத்தகங்களில் கிடைத்தவற்றைத் தேடிச் சேர்த்து, 1973-ல் ஸ்வான்சியில் சுரங்கத் தொழிலாளர் நூலகம் என்று ஒன்று வைத்தார்கள். அதை நினைத்துத்தான் அன்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நான் தேடி வந்தது ஒரு கோடு. மார்டி வார்டு முடிந்து ஃபெர்ன்டேல் வார்டு ஆரம்பித்த இடம் எங்கேயாவது கண்ணுக்குத் தெரியுமா? மழைக்கு ஒதுங்கியிருந்த ஒரு பெரியவரைக் கேட்டேன். எழுபதைத் தாண்டியிருக்கும். கையிலும் நெற்றியிலும் நீலத் தழும்புகள். காயத்துக்குள் கரித்தூள் தங்கி ஆறினால் அப்படித்தான் ஆகும் என்று படித்திருக்கிறேன்.

"என்ன கோடு, பட்?" என்றார்.

பாதாளத்தில் ஒரே இடத்தில் சேர்ந்து கரி வெட்டுகிற கூட்டாளிக்குப் பட்டி என்று பெயர். அது சுருங்கிப் பட். அந்தப் பள்ளத்தாக்குகளில் முன்பின் தெரியாதவனையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

"வார்டு எல்லை, ஐயா. முன்பு உங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு கௌன்சிலர் இருந்தாரே."

"அதுவா? அது காகிதத்தில் இருந்த கோடு. நான் பார்த்ததில்லை." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஃபெர்ன்டேல்காரர்கள் நல்லவர்கள்தாம்."

அந்தத் 'தாம்' என்ற இடத்தில் கோடு எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் பையனாகச் சுரங்கத்தில் இறங்கி, அது மூடுகிற வரை இருந்தவர். 1984-85 வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கேட்டேன். ஏறக்குறைய ஒரு வருஷம். தேசத்தில் பல சுரங்கங்களில் ஆட்கள் மனம் உடைந்து வேலைக்குத் திரும்பினார்கள். மார்டியில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பெண்கள் சங்கம் அமைத்து வீடு வீடாக உணவு சேர்த்துக் கொடுத்தார்கள். கடைசியில் தோல்வி என்று ஆனபிறகு, 1985 மார்ச் 5-ந் தேதி விடிவதற்கு முன்னால், பாண்டு வாத்தியம் முழங்க, கொடியை உயர்த்திக்கொண்டு ஊரே சுரங்கத்துக்கு நடந்து போயிற்று. தோற்றவர்களின் ஊர்வலம் என்று அதை யாரும் சொல்லவில்லை.

"எத்தனை பேர் நடந்தீர்கள்?" என்று கேட்டேன். எனக்குத்தான் எண்ணிக்கைப் பைத்தியமாயிற்றே.

"எல்லோரும்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும். 1986-லிருந்து மார்டிக் கரி மார்டியில் வெளியே வரவில்லை. மலைக்கு அடியில் வழி குடைந்து, அடுத்த பள்ளத்தாக்குப் பக்கம் டவர் என்ற சுரங்கத்தின் வழியாக மேலே எடுத்தார்கள். இவர்கள் வெட்டிய கரி வேறு இடத்தில், வேறு பெயரில் வெளிச்சத்தைப் பார்த்தது. 1990 டிசம்பர் 21-ந் தேதி அதுவும் நின்றது. ஒரு காலத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் இருந்த இரண்டு ரொந்தாக்களிலும் கடைசியாக மூடியது மார்டிதான். இன்று அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் மலைமேல் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆட்களை இறக்கி ஏற்றிய சக்கரத்துக்குப் பதிலாக, ஆளே வேண்டாத சக்கரம்.

இனி வார்டுக்கு வருகிறேன். உள்ளூர் ஆட்சி அங்கே எத்தனையோ தடவை சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது. 1890-களில் இருந்த கௌன்சிலின் பெயரை நான் உச்சரிக்க முயன்றால் பல்லுக்கு ஆபத்து. நல்லவேளையாக 1897-ல் அதை ரொந்தா என்று மாற்றினார்கள். 1955-ல் அது நகரசபை அந்தஸ்துப் பெற்றது. 1974-ல் ஒரு சீரமைப்பு, 1996-ல் இன்னொன்று. அந்தக் கடைசிச் சீரமைப்பில் மூன்று பள்ளத்தாக்குகளைச் சேர்த்து ரொந்தா கனன் தாவ் என்ற கௌன்சில் பிறந்தது. அதற்கான முதல் தேர்தல் 1995-ல் நடந்தது. அன்றுமுதல் 2022 வரை மார்டிக்கு ஒரு கௌன்சிலர், ஃபெர்ன்டேலுக்கு இரண்டு கௌன்சிலர். 2022 மே மாதத் தேர்தலில் இரண்டும் ஒரே வார்டு. மொத்தம் இரண்டு கௌன்சிலர். மூன்று இரண்டாயிற்று. மார்டி மட்டுமல்ல, கௌன்சிலில் அங்கத்தினர் 75 பேர் என்பது மாறவில்லை, வார்டுகள் 52-லிருந்து 46 ஆகக் குறைந்தன. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் வேல்ஸ் கௌன்சில் தேர்தலில் முதல் தடவையாக ஓட்டு வந்தது அதே தேர்தலில்தான். மார்டிப் பிள்ளைகளுக்கு ஓட்டு வந்த நாளும் மார்டி வார்டு போன நாளும் ஒன்றே. இந்த ஊருக்கு இப்படி இரட்டைச் செய்தியாகத்தான் எதுவும் வருகிறது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. தேர்தல் எல்லைகளை வகுக்கும் கமிஷனைப் பற்றி ஆத்திரமாக ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். திரும்பும்போது அந்தக் கோபத்துக்குக் கால் இல்லாமல் போய்விட்டது. ஏன் என்றால், அந்தக் கமிஷன் சொல்வது என்ன? ஒரு கௌன்சிலருக்கு இத்தனை வாக்காளர் என்பது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவன் ஓட்டுக்கு அதிக எடையும் இன்னொருவன் ஓட்டுக்குக் குறைந்த எடையும் இருக்கக் கூடாது. சரிதானே? நூறு வருஷத்துக்கு முன்னால் மார்டிக்காரன் தராசுக்குப் பக்கத்தில் ஆள் நிறுத்திக் கேட்டதும் இதுதானே? எல்லோருக்கும் ஒரே படிக்கல் என்று கேட்டவன், அந்தப் படிக்கல் தனக்குப் பாதகமாக நிறுத்தால் முகம் சுளிக்கலாமா? கூடாது. நான் நாவலாசிரியன், எனக்கு ஓரவஞ்சனை செய்ய உரிமை உண்டு. கணக்கு எழுதுகிறவனுக்குக் கிடையாது.

ஆனால் தராசைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தட்டில் வைத்ததைத்தான் அது நிறுக்கும். தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது எங்கே என்று கேட்காது. ஒரு லட்சத்து அறுபதினாயிரம் பேருக்கு மேல் இருந்த ரொந்தாக்களில் 2011-ல் 63,000 பேர்கூட இல்லை. வேலை போன ஊரிலிருந்து பிள்ளைகள் போனார்கள்; பிள்ளைகள் போன ஊரிலிருந்து பள்ளி, கடை, மன்றம் ஒவ்வொன்றாகப் போயிற்று. மார்டி வார்டு 2022-ல் போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. அது 1926-லிருந்து வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. கமிஷன் செய்தது நடந்து முடிந்ததைப் பேரேட்டில் பதிந்ததுதான். கேள்வி கேட்க வேண்டியது பதிந்தவரை அல்ல. கரி இருந்தவரை எடுத்துக்கொண்டு, தீர்ந்ததும் ஜனங்களை அப்படியே விட்டுவிட்டுப் போன ஏற்பாட்டை. அந்தப் பொடிக்கரிச் சல்லடை இன்னும் வேலை செய்கிறது. பெரிய கட்டிகள் வேறு ஊருக்குப் போய்விட்டன, பொடி மார்டியில் மிஞ்சிவிட்டது. பெயர் மட்டும் எப்போதும் போல நியாயவான்.

நஷ்டம் என்று ஒன்று உண்டா என்று பெரியவரைக் கேட்டேன். பெரிய தத்துவம் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் எதிரே இருந்த தெருவிளக்கைக் காட்டினார். "முன்பு அது எரியவில்லை என்றால், போய் ஒரு கதவைத் தட்டுவேன். அந்தக் கதவு நடந்து போகிற தூரத்தில் இருந்தது. இப்போது டெலிபோன் பண்ண வேண்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "விளக்கு எரிகிறது, இல்லையென்று சொல்லவில்லை" என்று சேர்த்துக்கொண்டார். நியாயம் தவறாத மனுஷர்! எடை பார்ப்பவரின் ஊரில் பிறந்தவர், எதிர்த்தட்டிலும் ஒரு கல்லை வைக்காமல் பேச மாட்டார்.

பஸ் வந்தது. ஏறும்போது அந்த 1930 விவகாரம் ஞாபகம் வந்தது. அன்றும் மார்டியின் பெயரை ஒரு பட்டியலிலிருந்து அடித்தார்கள். அப்புறம் என்ன நடந்தது? நீக்கப்பட்ட அந்தக் கிளையின் மனிதர் ஆர்தர் ஹார்னர், 1936-ல் நீக்கிய அதே சம்மேளனத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1946-ல் பிரிட்டன் முழுவதற்குமான சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்குப் பொதுக் காரியதரிசி ஆனார். பெயரை அடிப்பது வேறு, ஆளை அடிப்பது வேறு. மார்டிக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவையே பழகிக்கொண்டுவிட்டது.

பஸ் கீழே இறங்கியது. ஃபெர்ன்டேலின் முதல் வீடு எது என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீடுகள் வந்தன, வேலி வந்தது, ஆடுகள் வந்தன, மறுபடியும் வீடுகள் வந்தன. கோடு தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். மேலே தூறலுக்குள் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.